கொட்டுகிற மண்

தேவிபட்டினம்
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாரீஸ்வரன் எழுதுகிறேன். நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்காவது உட்கார்ந்து சாப்பிட்டாயா, இல்லை வழக்கம்போல எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றே தின்றாயா?

உன் போன் மச்சான் சட்டைப் பையில் இருக்கும்வரை நமக்குக் கடிதம்தான். இதைப் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன். சத்துணவு அமைப்பாளருக்கு வருகிற தபாலை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

நான் உனக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டேன். உப்பூர்ப் பக்கம் சாலையை அகலப்படுத்துகிறார்கள். அது பழைய சேது வழியை ஒட்டிப் போகிறது. அந்தக் காலத்தில் ராமேசுவரத்துக்கு நடந்தே போனவர்கள் மிதித்த தடம். அதனால் எங்கே தோண்டினாலும் தொல்லியல் படித்த ஒருவன் கூடவே நின்று பார்க்க வேண்டும் என்று இந்த வேலைக்கு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். அந்த ஒருவன் நான்தான். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் குடை. ஜே.சி.பி. ஓட்டுகிறவர்கள் என்னைப் 'பானை சார்' என்கிறார்கள்.

வந்த முதல் நாள் பார்த்ததைக் கேள். பாதசாரிகள் தங்கிய சத்திரம் ஒன்று இங்கே இடிந்து கிடந்தது. அதன் கல்தூண்களை நான் வருவதற்கு முன்பே பிடுங்கி, லாரி ஏறுவதற்காகப் பள்ளத்தின் குறுக்கே போட்டுவிட்டார்கள். ஒரு தூணில் எழுத்து இருக்கிறது. படிக்கலாம் என்று குனிந்தால், புகையிலையை மென்று துப்பி அந்த எழுத்து முழுக்கச் சிவப்பாக்கியிருக்கிறார்கள். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கழுவி முடித்ததும் ஒருவன் நிதானமாக வந்து மறுபடியும் துப்பினான்.

பஸ் ஏறினால் உன் ஊர் கொஞ்ச தூரம்தான். ஆனாலும் வர மாட்டேன். நம் அய்யா காரியத்தன்று மச்சான் பந்தியில் வைத்துப் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. 'சுடுகாட்டுல ஓடு பொறுக்குறவனுக்கு எதுக்குலே தலைவாழ எலை?' அவர் வாசலை நான் மிதிப்பதாக இல்லை. நீ எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
மாரி

•

கூரானேந்தல்
2 பிப்ரவரி 2025

பிரியமுள்ள தம்பி மாரிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் அதன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன்.

நீ இத்தனை பக்கத்தில் இருப்பது தெரிந்ததிலிருந்து சாம்பார் கொதிக்கும்போதெல்லாம் உன் நினைப்புதான். எங்கே சாப்பிடுகிறாய்? வெயிலில் தலைசுற்றல் வருகிறதா? துப்புகிறவன் துப்பத்தான் செய்வான். அவனோடு மல்லுக்கு நிற்காதே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் அதிகம், உடம்பு குறைவு.

உன் மச்சானுக்கு இப்போது தொழில் நன்றாகப் போகிறது. இரண்டாவது டிப்பர் வாங்கிவிட்டார். சவடு மண் அடிக்கிறார், பள்ளத்தை மேடாக்கக் கொட்டுகிற மண். எங்கேயோ பெரிய வேலை பிடித்திருக்கிறாராம். நான் கேட்டால் 'ஒனக்குப் புரியாது' என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார், அதைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட மைதானம் பள்ளமாகக் கிடந்து மழைக்குத் தண்ணீர் கட்டுமே, அதில் மண் கொட்டி மேடாக்கிக் கொடுத்தார். குடியரசு தினத்தன்று மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நீ இருந்திருந்தால் நீயும் தட்டியிருப்பாய், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது.

மோர் குடி. கடல்காற்று என்று சட்டையில்லாமல் படுக்காதே.

அன்புடன்,
முருகலட்சுமி

•

தேவிபட்டினம்
21 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுதத்தான் வேண்டும். உடம்பு சுகம். மற்றதைக் கேள்.

சேது வழி ஓரம் நாங்கள் தோண்டுகிற இடத்தில் பெரிதாக எதுவும் வரவில்லை. செங்கல், இரண்டு செப்புக்காசு, ஒரு கிணற்று வளையம். எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். அசிங்கம் வந்தது கீழேயிருந்து இல்லை, மேலேயிருந்து. சாலையை உயர்த்துவதற்காக டிப்பர்களில் மண் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதை ரோலர் சமப்படுத்தும். ரோலர் ஓட்டுவது சுஐபு என்பவர், தொண்டிக்காரர். அதிகம் பேச மாட்டார். போன வாரம் வியாழக்கிழமை அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்.

"சார், செத்த இங்கன வாங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். கொட்டிய மண்ணில் ஒரு தாடை கிடந்தது. மனிதத் தாடை, பல்லோடு. பக்கத்தில் கனமான பானைத் துண்டுகள், வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. முதுமக்கள் தாழி. செத்தவர்களை உட்கார வைத்தோ எலும்பைப் பொறுக்கி இட்டோ ஆதியில் புதைத்த பெரிய பானை. காலால் மண்ணைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. விலா எலும்பு, தொடை எலும்பு, மண்டையோட்டுச் சில்லு. எங்கேயோ ஒரு இடுகாட்டை அப்படியே வழித்தெடுத்து வந்து இங்கே சாலை போடுகிறார்கள், அக்கா.

சுஐபு இரு கையையும் ஏந்தி ஏதோ ஓதினார். "நான் இதுமேல வண்டி ஏத்த மாட்டேன் சார். யாரா இருந்தாலும் மய்யித்து மய்யித்துதான்" என்றார். மய்யித்து என்றால் இறந்தவர் உடல்.

திட்ட மேலாளர் காரில் வந்தார். கண்ணாடியை இறக்கி, ஏசி வெளியே போய்விடுமே என்று பாதியில் நிறுத்தி, அந்தச் சந்து வழியாகவே என்னோடு பேசினார்.

"சார், உங்க வேலை என்ன? நாங்க தோண்டுறதப் பாக்குறது. கொட்டுறதப் பாக்கணும்னு எந்தப் பேப்பர்ல இருக்கு?"

"எலும்பு சார். மனுசன் எலும்பு."

"மண்ணுன்னா எல்லாந்தான் இருக்கும்."

கண்ணாடி மேலே ஏறியது. வேறொருவனை ரோலரில் ஏற்றினார்கள். எலும்பு நொறுங்குகிற சத்தம் இரும்புச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருந்தேன். கேட்கிறது. முறுக்கைக் கடிப்பது போலக் கேட்கிறது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த மண் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறேன். இதைத் தோண்டி விற்கிறவன் தெரியாமல் செய்திருக்க முடியாது. மண்டையோட்டை மண்வெட்டியால் அள்ளி வண்டியில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கைகழுவிச் சாப்பிட உட்காருகிற ஒருவன் இருக்கிறான். அவனுக்குச் சோறு போடவும் ஒருத்தி இருப்பாள். அவன் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

உன் தம்பி,
மாரி

•

கூரானேந்தல்
16 மார்ச் 2025

தம்பி மாரிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்பு சரியில்லை. காய்ச்சல் எல்லாம் இல்லை, ஓர் அசதி.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. நீ எழுதியிருந்த எலும்பு மனிதருடையதுதான் என்று எப்படித் தெரியும்? ஆடு மாட்டுடையதாக இருக்கக் கூடாதா? பல்லை வைத்துச் சொல்ல முடியுமா? சின்னப் பிள்ளையின் பல்லும் பெரியவர் பல்லும் வேறாக இருக்குமா? இப்படிப்பட்ட மண்ணைப் பிள்ளைகள் கையால் தொட்டால் நோய் ஏதும் வருமா?

சும்மாதான் கேட்கிறேன். இங்கே தேர்வு நேரம். வேறு விசேஷம் இல்லை.

முருகலட்சுமி

•

தேவிபட்டினம்
29 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

உன் உடம்பு தேறியதா? நான் இருக்கிறேன்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். ஆட்டுப்பல் நீளமாக, வரிவரியாக இருக்கும். நம்முடையது குட்டையாகக் குமிழ் குமிழாக இருக்கும். பிள்ளையின் தாடை என்றால் தப்பவே முடியாது. பால்பல்லுக்கு அடியில் அடுத்த பல் முளைக்கக் காத்திருக்கும். தாடை உடைந்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு பழைய எலும்பால் நோய் வராது. நீ ஏன் இதையெல்லாம் கேட்டாய் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

சுஐபை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவரே தன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு டிப்பர் பின்னால் வந்தார். வண்டி ஆர்.எஸ்.மங்கலம் தாண்டியது. கண்மாய்க் கரையோடு போய் உன் ஊர் ரோட்டில் திரும்பியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஊருக்கு மேற்கே பனங்காட்டுக்குப் பின்னால் ஒரு மேடு இருந்ததே, உனக்குக் கல்யாணமான புதிதில் நான் வந்தபோது நாம் இலந்தைப்பழம் பொறுக்கிய மேடு, அதில் பாதியைக் காணோம். வெட்டிய சுவரில் வட்ட வட்டமாகத் தாழிகள் தெரிகின்றன. பாதி வெட்டுப்பட்டு, வாய் பிளந்து, உள்ளே இருப்பது வெளியே தொங்குகிறது. சுஐபு திரும்பி நின்றுகொண்டார். நான் வேலி ஓரம் போய் வாந்தி எடுத்தேன்.

டிப்பர் திரும்பியபோது முகப்பைப் பார்த்தேன். கண்ணாடிக்கு மேலே பூப்போட்டு எழுதியிருந்தது உன் பெயர். 'முருகலட்சுமி'.

அக்கா, உனக்குத் தெரியுமா? எப்போதிருந்து தெரியும்?

மாரி

•

கூரானேந்தல்
6 மே 2025

அன்பு மாப்ளைக்கு,

தங்கப்பாண்டி எழுதுறது. இங்கன எல்லாரும் சொகம். நீங்களும் சொகமா இருக்கணும்னு அம்மன வேண்டிக்கிறேன்.

பள்ளிக்கூடம் லீவுங்கிறதால தபால்காரம்மா ஒங்க லெட்டர வீட்டுல கொண்டாந்து குடுத்துச்சு. ஒங்க அக்காளுக்கு இப்ப எழுத நேரம் இல்ல. அதான் நான் எழுதுறேன். மொதமொறையா ஒங்களுக்கு லெட்டரு போடுறேன், கோணமாணலா இருந்தா மன்னிச்சுக்கங்க. பந்தியில பேசுனத மனசுல வச்சுக்கிறாதீக. தண்ணி போட்டிருந்தேன்.

மாப்ள, நீங்க படிச்சவுக. நான் ஒண்ணு கேக்குறேன். செத்து ரெண்டாயிரம் வருசம் ஆனவனுக்கு இனிமே என்ன வலிக்கப்போவுது? அவன் என்ன நமக்கு மாமனா மச்சானா? சும்மா கெடந்த மேடு. வேலிக்கருவையும் பாம்பும்தான் இருந்துச்சு. அந்த மண்ணுல ரோடு ஆகுது, பள்ளிக்கூடம் மேடாகுது, ஊர்ல நாலு பேரு கஞ்சி குடிக்கிறான். இதுல தப்பு எங்கன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

பானைதான் வேணும்னா வாங்க, தாரேன். ஒடையாம ரெண்டு எடுத்து வச்சிருக்கேன். ஒண்ணு கொல்லையில கெடக்கு, கோழிக்குத் தண்ணி வைக்க வசதியா இருக்கு. உள்ள கெடந்ததத் தட்டிவிட்டுக் கழுவித்தான் வச்சிருக்கேன், அசிங்கம் ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு ஒங்களுக்கு.

ஒங்க அக்கா தங்கமான பொம்பள. அவளுக்குன்னு இங்கன விட்டா எங்கன போக்கிடம் இருக்கு, சொல்லுங்க. மாமாவும் இல்ல, நீங்களும் தனிக்கட்ட. நான் செய்யுற தொழில்லதான் அவ வயிறும் நெறையுது. பேப்பர்ல நீங்க என்ன எழுதுனாலும் அத நெனச்சு எழுதுங்க. வீட்டு விசயம் வீட்டோட இருக்கட்டும்.

ஒரு நா வாங்க. கெடா வெட்டுவோம்.

இப்படிக்கு மச்சான்,
தங்கப்பாண்டி

•

தேவிபட்டினம்
4 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் திறந்திருப்பார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நலமாக இருக்கிறாயா? உன்னை ஏதும் சொன்னாரா?

மச்சானின் கடிதம் கிடைத்தது. நிறைய யோசித்தேன். இந்த மாதம் என் அறிக்கையைக் கொடுக்க வேண்டியிருந்தது. தோண்டிய இடத்தில் கிடைத்ததை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கொட்டிய மண்ணைப் பற்றி எழுதவில்லை. மேலாளர் சொன்னதும் ஒரு வகையில் சரிதான். என் வேலையின் எல்லை அது இல்லை. நான் ஒருவன் எழுதுவதால் வெட்டியது திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளவும் போவதில்லை.

உனக்காகத்தான் அக்கா. வேறு எந்தக் காரணமும் இல்லை. உன் வாழ்க்கையில் என் கையால் மண் விழக் கூடாது.

ராமேசுவரம் பக்கம் அடுத்த வேலைக்கும் என்னையே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். சுஐபு வந்திருந்தார். பார்த்ததை நான் எழுத்தில் கொடுத்தால் அவருக்கு நியாயம் கிடைக்கும் என்றார். 'பார்க்கலாம்' என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார்.

மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. எல்லாம் அடங்கிவிடும்.

உன் தம்பி,
மாரி

•

கூரானேந்தல்
15 ஜூன் 2025

மாரிக்கு,

உடம்பு நலம்தான். மற்றதை நீயே படித்துத் தெரிந்துகொள்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாய். உன் பிப்ரவரிக் கடிதத்திலிருந்து தெரியும். 'வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு' என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தேன். பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எறிந்த சில்லு வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. 'அவனுக்குச் சோறு போடவும் ஒருத்தி இருப்பாள்' என்று எழுதினாயே, அவள் அந்தக் கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு அன்றைக்கும் சோறு போட்டாள். ஆட்டெலும்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதனால்தான் உன்னிடம் பல்லைப் பற்றிக் கேட்டேன்.

உன் ஏப்ரல் கடிதத்தை அவர்தான் முதலில் படித்தார். சத்தமாக எனக்கும் படித்துக் காட்டினார், சிரித்துக்கொண்டே. நீ வாந்தி எடுத்த இடத்தை இரண்டு தடவை படித்தார்.

மே மாதக் கோடை மழையில் மைதானத்து மேல்மண் அரித்துப்போயிருந்தது. பள்ளி திறந்த வாரம் சோறு வடித்துவிட்டு வெளியே வந்தேன். மூன்றாம் வகுப்பு முத்தழகு வேப்பமரத்தடியில் கூட்டாஞ்சோறு விளையாடிக்கொண்டிருந்தாள். கல் அடுப்பு, சத்துணவுத் தட்டு. தட்டில் மண்ணைக் கரைத்துக் குழம்பு ஊற்றி, நடுவே எலும்பு போட்டிருந்தாள்.

"டீச்சர், கறிக்கொழம்பு. சாப்புடுங்க" என்று நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். சின்னத் தாடை. உடைந்திருந்தது. நீ எழுதியிருந்தபடியே பால்பல்லுக்கு அடியில் இன்னொரு பல் காத்திருந்தது. முத்தழகுக்கு முன்பல் விழுந்து இப்போதுதான் முளைக்கிறது. அவள் வாயைப் பார்த்தேன், கையில் இருந்ததைப் பார்த்தேன். அவள் வயதுதான் இருக்கும் அதற்கும். யாரோ பெற்றவள் அழுது அழுது பானையில் வைத்து மூடிய பிள்ளை. அதை என் வீட்டுக்காரர் அள்ளிவந்து கொட்டி மாலை வாங்கினார். நான் கைதட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன்.

"மைதானத்துல எலும்பு கெடக்குங்க."

"ஆட்டெலும்பா இருக்கும்."

சேலை முந்தியிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "ஆட்டுக்கு இந்தப் பல்லு இருக்குமா?"

பார்த்தார். ஒற்றை விரலால் தள்ளிவிட்டு, "எடுத்து அங்குட்டுப் போடு. திங்குற எடத்துல கொண்டாந்து வச்சிருக்கா" என்றார். "கறிய ஊத்து" என்றார்.

ஊற்றினேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஊற்றினேன், மாரி. அவர் எலும்பைக் கடித்து உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. நீயாவது எழுதியிருப்பாய் என்று பிரித்தேன். 'உனக்காகத்தான் அக்கா' என்று எழுதியிருக்கிறாய். அவரும் அதையேதான் சொல்கிறார். எனக்காகத்தான் ஓடுகிறாராம், எனக்காகத்தான் வண்டியில் என் பெயராம். உங்கள் இரண்டு பேரிடமும் நான் எதையாவது கேட்டேனா? செய்கிற ஈனத்துக்கெல்லாம் ஆளுக்கொரு பக்கம் என் பெயரை எழுதி ஒட்டுகிறீர்கள். அவர் மண்டையோட்டைப் பார்த்துவிட்டுச் சோறு தின்றார். நீ பார்த்துவிட்டு வாந்தி எடுத்தாய். அப்புறம் கையெழுத்துப் போட்டாய். எனக்கு உன்மேல்தான் அதிகம் குமட்டுகிறது. அவருக்கு அது வெறும் மண். உனக்குத் தெரியும்.

நாளை திங்கள்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். முதல் பஸ்ஸில் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது கொடுத்து முடித்திருப்பேன்.

முருகலட்சுமி

•

தேவிபட்டினம்
18 ஜூன் 2025

அக்கா,

இப்போதுதான் கிடைத்தது. அவர் உன்னை என்ன செய்தார்? நீ வீட்டில்தான் இருக்கிறாயா?

மனுவில் என்ன எழுதினாய்? என் பெயர் அதில் வருகிறதா? நான் கையெழுத்துப் போட்ட விஷயம் வந்தால் இனி எங்கேயும் என்னை வேலைக்கு எடுக்க மாட்டார்கள். முழுதாக எழுதிக் கொடுத்திருந்தால்கூட, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று என்னைப் பற்றிய பகுதியை மட்டும் நீ விலக்கிக்கொள்ளலாம். விசாரித்துச் சொல்கிறேன்.

உடனே பதில் எழுது.

மாரி

•

கூரானேந்தல்
3 ஆகஸ்ட் 2025

தம்பி மாரிக்கு,

இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதப் பிடிக்கவில்லை. இன்றைக்குத்தான் மனது வந்தது.

அன்று ராமநாதபுரத்தில் வரிசையில் நின்றேன். மனுவை வாங்கிய அம்மா படித்துக்கொண்டே, "மண்ணு அள்ளுறது யாரு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு."

நிமிர்ந்து பார்த்தார். "குடும்பப் பிரச்சனையாம்மா? ரெண்டு பேரும் ஒக்காந்து பேசித் தீத்துக்கலாமே."

முந்தியை அவிழ்த்து அந்தத் தாடையை மேசையில் வைத்தேன். "இந்தப் பிள்ளகிட்ட யாரும்மா பேசுறது?" என்றேன். அதற்குப் பிறகு என்னை உட்காரச் சொன்னார்கள்.

மனுவில் உன் பெயரும் இருக்கிறது. பார்த்தவன், எழுதாமல் விட்டவன் என்று இருக்கிறது. அவரைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு உன்னை மறைத்தால் அதுவும் பாதிப் பொய்தான். என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், தெரிந்தும் மாதக்கணக்கில் சும்மா இருந்தவள் என்று. விலக்கிக்கொள்ளச் சொல்லி இன்னொரு கடிதம் போடாதே.

தாசில்தார் வந்து வண்டிகளைப் பிடித்தார். மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். தொல்லியல்காரர்கள் வந்து உடைந்ததையெல்லாம் தக்காளிக் கூடைகளில் அடுக்கிக் கொண்டுபோனார்கள். மைதானத்து மேல்மண்ணைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். கொல்லையில் கோழி குடித்த பானையை நான்தான் காட்டிக் கொடுத்தேன். தூக்கும்போது அடியில் இன்னும் சாம்பலும் ஒரு சின்னக் காப்பும் ஒட்டியிருந்தன. அவர் கழுவிய லட்சணம் அது.

அவர் லாரி ஷெட்டில் படுத்துக்கொள்கிறார். என்னோடு பேச்சு இல்லை. என் போனை மட்டும் ஆள் மூலம் கொடுத்தனுப்பிவிட்டார், எல்லோரும் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள் என்று. இப்போது அந்தத் திட்டை நான் கேட்கிறேன். மேட்டில் கூலிக்குப் போன பெண்கள் என்னைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார்கள். 'புருசனப் புடிச்சுக் குடுத்தவ' என்று காதுபடச் சொல்கிறார்கள். மைதானத்தில் மறுபடி தண்ணீர் கட்டும், மழை வந்தால் அதற்கும் என்னைத்தான் ஏசுவார்கள். பரவாயில்லை. நான் இந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. சோறு தினமும் வடிக்கிறேன், எனக்கு மட்டும்.

உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். சுஐபையும் கூப்பிடுவார்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொல். சொல்லிவிட்டு வா, சேர்ந்து சாப்பிடுவோம். சொல்லாமல் வந்தால் வாசலோடு திரும்பிப் போய்விடு. அய்யா பிள்ளைகள் இரண்டு பேர். இரண்டு பேரும் அழுகிப்போக வேண்டாம்.

அக்கா

•

தேவிபட்டினம்
29 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். நான் இருக்கிறேன்.

நேற்று விசாரணை. சுஐபு எனக்கு முன்னால் சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாராம். என்னைப் பார்த்து ஸலாம் சொன்னார், நிற்கவில்லை. அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்க எனக்கு முகம் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தூணில் துப்பியதிலிருந்து, கண்ணாடிச் சந்து வழியாகப் பேசியதிலிருந்து, டிப்பர் முகப்பு வரை. அப்புறம் அந்த அதிகாரி கேட்டார்: "இவ்வளவும் தெரிஞ்சு ஏன் அறிக்கையில எழுதல?"

'என் அக்காவுக்காக' என்று வாய்வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"பயம் சார். அடுத்த வேலை போயிருமேன்னு பயம்" என்றேன்.

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் விரலை நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார். "அதையும் அடிங்க" என்று நானே சொன்னேன்.

வேலை போய்விட்டது. இன்று காலை என் மஞ்சள் தொப்பியோடு வேறொருவர் நிற்கிறார். அவரிடம் எலும்பு இருக்கிறது என்று போய்ச் சொன்னேன். 'எங்கே சார், எல்லாம் முடிஞ்சுபோச்சே' என்றார். உண்மைதான். அந்தப் பகுதிக்குத் தார் போட்டுவிட்டார்கள். மேட்டில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவார்களாம். சாலைக்கு அடியில் போனதைப் பெயர்த்துப் பார்க்க முடியாதாம். வெள்ளைக்கோடுகூடப் போட்டாயிற்று. வழவழவென்று இருக்கிறது. போகிறவர்கள் ரோடு அருமை என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் ஊருக்கு வருகிற பஸ் அதன் மேலே ஏறித்தான் வரும்.

தம்பி,
மாரீஸ்வரன்